நான் நல்லதென்று சொன்ன தண்ணீர்

மகன்,

நீ நலமா என்று கேட்டுத் தொடங்கவேண்டும். அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. போன ஞாயிறு தொலைபேசியில் நீ சொன்னதைக் கேட்ட பிறகு, நீ நலமாக இல்லை என்பதும் அதற்குக் காரணம் நான் என்பதும் எனக்கு விளங்கிவிட்டது. “அம்மா, இந்தமுறை கல்லறைத் திருநாளுக்குப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாறன். அப்பாட குழியடியில முழங்காலில நிண்டு மன்னிப்புக் கேட்டாத்தான் எனக்கு மனம் ஆறும்” என்றாய். நான் “ஓம் மகன்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். ஒரு சொல்லோடு பேச்சை முடிக்கிறவள் நான் இல்லை என்பது உனக்குத் தெரியும். அன்றைக்கு அதற்கு மேல் பேச எனக்குத் துணிவு வரவில்லை.

ஐந்து வருஷமாக நீ ஒன்றை நம்பிக்கொண்டிருக்கிறாய். நீ கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போனதால்தான் அப்பா மனமுடைந்து செத்தார் என்று நம்புகிறாய். அதை உன் காதில் போட்டவள் நான். செத்த வீட்டில் ஊர் முழுக்கக் கூடியிருக்க, பெட்டியைப் பிடித்துக்கொண்டு, “பெத்த பிள்ளை விட்டுட்டுப் போன கவலையிலையே போயிட்டியளே” என்று கத்தி அழுதேன். நீ வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன் மனைவி சுகந்தி வயிற்றில் பிள்ளையோடு உனக்குப் பின்னால் நின்றாள். நீங்கள் இருக்க ஒரு கதிரை எடுத்துப் போட ஒருவரும் வரவில்லை. ஊரறியச் சொன்னதை ஊரறியத்தான் திருப்பி எடுக்கவேண்டும். அதனால் இந்தக் கடிதத்தை இரண்டு தரம் எழுதியிருக்கிறேன். ஒன்று உனக்கு. மற்றதைத் தண்ணீர்ச் சங்கத் தலைவரிடம் கொடுக்கப்போகிறேன், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டும்படி. உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் முதலில் இருந்து எழுதுவது அதனால்தான், பொறுத்துக்கொள்.

சண்டை முடிந்து நாங்கள் கரைக்குத் திரும்பியபோது உனக்குப் பத்தொன்பது வயது. முகாம் முகாமாக அலைந்துவிட்டு வந்து பார்த்தால், வீடு நின்ற இடத்தில் அத்திவாரம் மட்டும் கிடந்தது, அதற்குள் எருக்கலை முளைத்திருந்தது. தகரக் கொட்டிலைப் போட்டுக்கொண்டு இருந்தோம். கடல் முன்னாலேயே கிடந்தது, வலையும் யாரோ தந்தார்கள், குடிக்கத்தான் ஒன்றும் இல்லை. பழைய கிணறுகளை இறைத்துத் துப்புரவாக்கினார்கள், மருந்து போட்டார்கள். அப்படியும் வாயில் வைக்க முடியவில்லை. வாரத்துக்கு இரண்டு தரம் தண்ணீர் ஏற்றிக்கொண்டு பவுசர் வரும். அது வருகிற சத்தம் கேட்டால் சோற்றுப் பானையை அடுப்பில் விட்டுவிட்டு ஓடுவோம். வரிசையில் நான் சண்டை போடாத பெண் அந்த ஊரில் இல்லை. நீ வெட்கப்பட்டுப் போய்ப் படகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாய்.

இரண்டாம் வருஷம் தண்ணீர்த் திட்டக்காரர் வந்தார்கள். ஊருக்கு மேற்கே பனைகள் நிற்கிற மணல் மேட்டில் நாலு இடத்தில் துளை போட்டு, நாலு பேணியில் தண்ணீர் எடுத்தார்கள். எஞ்சினியர் பொடியன் ஒரு மீட்டர் வைத்திருந்தான். அதைத் தண்ணீருக்குள் வைத்தால் எவ்வளவு உப்பு என்று இலக்கம் காட்டும். நாங்கள் பெண்கள் சும்மா வேடிக்கை பார்க்கப் போனோம். நான் சும்மா இருப்பேனா? நாலு பேணியையும் வாங்கி ஒவ்வொரு மிடறு குடித்துப் பார்த்து, “மூண்டாவதுதான் நல்லது, அதுக்கு அடுத்தது முதலாவது, மற்ற ரண்டும் மாட்டுக்குத்தான்” என்றேன். அவன் மீட்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு சிரித்தான். “அக்கா, உங்கட நாக்கு என்ட மெசினைவிடத் திறம்” என்றான். அதைக் கேட்ட எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் என் தலைக்கு ஏறி, பிறகு இறங்கவே இல்லை.

மூன்றாவது துளை இருந்த இடத்தில் கிணறு கட்டி, மோட்டர் வைத்து, தூண்களின் மேல் தண்ணீர்த் தாங்கியும் கட்டினார்கள். தெருவுக்கு ஒரு குழாயடி வந்தது. எஞ்சினியர் போகும்போது எங்களை இருத்தி வைத்துச் சொன்னது எனக்குச் சொல்லுக்குச் சொல் ஞாபகம். “இது ஆழத்தில ஊறுற தண்ணியில்லை. மழைத்தண்ணி மணலுக்குள்ள இறங்கி, உப்புத் தண்ணிக்கு மேல மிதந்து கிடக்குது. காலமை கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம் எண்டு எடுத்தா உங்கட பேரப்பிள்ளையளும் குடிக்கலாம். ஆசைப்பட்டு இழுத்தீங்களெண்டா கீழ இருக்கிறது மேல வந்திடும்.” மாதாமாதம் சோதிக்கச் சொல்லி அந்த மீட்டரில் ஒன்றையும் சங்கத்துக்குத் தந்துவிட்டுப் போனான். கொஞ்சக் காலத்தில் அதன் பற்றரி செத்துப்போனது. சங்கத்து அலுமாரிக்குள் போட்டுப் பூட்டினோம். “அக்காட நாக்கு இருக்க மெசின் என்னத்துக்கு?” என்று தலைவர் சொன்னார், நானும் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

அப்படித்தான் எங்கள் ஊர் வழக்கம் தொடங்கியது. விடிந்ததும், தேத்தண்ணி கூடக் குடிக்காமல், சில்வர் பேணியோடு தாங்கிக்குக் கீழே போவேன். மோட்டர் போடுகிறவர் ஒரு பேணி பிடித்துத் தருவார். வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு விழுங்கி, “நல்லது, திறவுங்கோ” என்பேன். அதற்குப் பிறகுதான் ஊருக்குத் தண்ணீர் போகும். சங்கத்தில் ஆண்கள் பத்துப் பேர் இருந்தார்கள், ஆனால் வால்வைத் திறக்கிற சொல் என்னுடையது. கருவாட்டு வாடியில் உப்புக்குள் கை ஊற நின்று உழைத்த ஒருத்திக்கு அது எவ்வளவு பெரிய உத்தியோகம் என்று நினைத்துப் பார். காய்ச்சல் வந்தாலும் போனேன். உன் கலியாணத்தன்று காலையிலும் புதுச்சேலையோடு போய்க் குடித்துவிட்டுத்தான் கோயிலுக்கு வந்தேன்.

பிறகு ஊர் பெருத்தது. முகாம்களில் நின்றவர்கள், இந்தியாவுக்குப் போயிருந்தவர்கள் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். வீட்டுக்கு வீடு குழாய் கேட்டார்கள், கொடுத்தோம். கல்லுவீடு கட்டுவதற்கும் அந்தத் தண்ணீரைத்தான் எடுத்தார்கள். காலையில் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம் என்றிருந்த மோட்டர் காலையில் தொடங்கி மதியம் வரை ஓடியது. மழை பிந்திய வருஷங்களில் நாள் முழுக்க ஓடியது. எஞ்சினியர் சொன்னதை யாராவது ஞாபகப்படுத்தினால், “அக்கா குடிச்சுப் பாத்து நல்லதெண்டுதானே சொல்லுறா” என்பார்கள். நான் பொய் சொல்லவில்லை, மகன். எனக்கு அது நல்ல தண்ணீராகத்தான் இருந்தது. உப்பு ஒரு நாளில் வந்து குதிக்கவில்லை. நேற்றையதைவிட இன்றைக்கு ஒரு துளி, அவ்வளவுதான். தினமும் குடிக்கிற நாக்கும் அதோடு சேர்ந்தே போய்விடும். ஊரில் ஒருவராவது ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் குடித்திருந்தால் கண்டுபிடித்திருப்பார். ஒரு நாளும் தவறாமல் குடித்த நான்தான் கடைசியாகக் கண்டுபிடித்தேன்.

உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். நீ கராஜில் எஞ்சினைத் திறக்காமல், சத்தத்தை மட்டும் கேட்டே என்ன பிழை என்று சொல்லிவிடுகிறாயாம், உன்னிடம் வந்துபோனவர்கள் பெருமையாகச் சொன்னார்கள். நல்லது. ஆனால் ஒருவரை ஒன்றில் கெட்டிக்காரர் என்று ஊர் சொல்லத் தொடங்கிவிட்டால் அவரைப் பிறகு யாரும் சோதிப்பதில்லை. அவரும் தன்னைச் சோதிப்பதில்லை. வாரத்துக்கு ஒரு எஞ்சினையாவது திறந்து பார்த்துவிட்டுச் சொல். கெட்டிக்காரி என்று பெயர் எடுத்து நாசமாகப் போன ஒருத்தியின் புத்திமதி இது.

அப்பாவுக்கு இரத்த அழுத்தம், பிறசர் என்று சொன்னது நீ கலியாணம் கட்டுவதற்கு முந்தின வருஷம். கிளினிக்கில் குளிசை கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். நான் குறைக்கவில்லை, அடியோடு நிறுத்தினேன். அவருக்கென்று தனிச்சட்டி வைத்து உப்பே போடாமல் சமைத்தேன். கருவாடு, ஊறுகாய், சம்பல் ஒன்றையும் அவர் பக்கம் அண்ட விடவில்லை. அவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “உப்பில்லாப் பண்டம் குப்பையிலே எண்டு சொல்லுவினம். நீ என்னையும் அங்கதான் அனுப்பப்போறாய்” என்று சிரிப்பார். ஆனால் பிறசர் இறங்கவில்லை, ஏறிக்கொண்டே போனது. கிளினிக்கில் நேர்ஸ் அவரைப் பிடித்துக்கொண்டு, “ஐயா, களவாக் கருவாடு சாப்பிடுறீங்களோ?” என்று கேட்டாள். வீட்டுக்கு வந்து நான் அதையே பிடித்துக்கொண்டேன். வாடியில் நின்று கிழிந்த வலை பொத்துகிற மனுசன், அங்கே களவாகச் சாப்பிடுகிறார் என்று எனக்கு ஐயமில்லை. “சத்தியமாச் சொல்லுங்கோ” என்று விடாமல் அரித்தேன். கையில் இருந்த தண்ணீர்ப் பேணியைக் கீழே வைத்துவிட்டு, “ஓமப்பா, ஒரு துண்டு சாப்பிட்டனான். இனிச் சாப்பிடமாட்டன்” என்றார். உப்பில்லாத அந்தச் சோற்றுக்கு மேலே ஒரு பேணி தண்ணீரும் நான்தான் நிறைத்து வைப்பேன். வெயிலில் நின்று வருகிறவர், நிறையக் குடிக்கவேண்டும் என்று திரும்பவும் நிறைப்பேன்.

சுகந்தி வந்து முதல் நாளே முகத்தைச் சுளித்தாள். பெருநிலத்தில் வயற்கிராமத்துப் பிள்ளை, குளத்துக்குக் கீழே கிடக்கிற கிணற்றில் இனிப்பாகக் குடித்து வளர்ந்தவள். “மாமி, தண்ணி உவர்க்குது” என்றாள். நான் சிரித்துக்கொண்டே, “எங்கட தண்ணி பழக நாளெடுக்கும் பிள்ளை” என்றேன். சவர்க்காரம் நுரைக்கவில்லை என்றாள். தேத்தண்ணி வேறு மாதிரி இருக்கிறது என்றாள். தாய் வீட்டுக்குப் போய் ஒரு கிழமை நின்றுவிட்டு வரும் ஒவ்வொரு தரமும் திரும்பச் சொன்னாள். அவள் தண்ணீரைத்தான் குறை சொன்னாள், என் காதில் அது என்னைக் குறை சொன்னதாக விழுந்தது. வேதக்காரர் வீட்டுக்கு வந்த சைவப் பிள்ளை, எங்கள் மீன், எங்கள் செபம், எங்கள் மணல் எல்லாவற்றையும் முகம் கோணாமல் ஏற்றுக்கொண்டாள். தண்ணீர் ஒன்றைத்தான் ஏற்கவில்லை. அந்த ஒன்றுக்குள்தான் என் மானம் முழுவதும் கிடந்தது.

அந்த ஞாயிறு உனக்கு மறந்திருக்காது. அவள் தாய் வீட்டில் இருந்து பஸ்ஸில் ஒரு பெரிய கலன் நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். பிள்ளைத்தாச்சிப் பெண், தெருவில் இருந்து அதை இழுத்துக்கொண்டு வந்தாள். பூசை முடிந்து போகிற சனம் எல்லாம் பார்த்துக்கொண்டு போனது. முற்றத்தில் வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். “மாமி, இது எங்கட கிணத்துத் தண்ணி. மாமாவுக்கு மட்டும். பிறசர்காரருக்கு இந்த உவர்த்தண்ணி கூடாது.”

“எந்த உவர்த்தண்ணி?”

“குழாய்த் தண்ணிதான் மாமி.”

“காலமை நான் குடிச்சுத்தான் திறந்தது. ஊர் முழுக்கக் குடிக்குது. உன்ட நாக்கு மட்டும் என்ன தங்கத்திலையோ?”

“கோவிக்காதேங்கோ. ஒரேயொரு மிடறு இதைக் குடிச்சுப் பாருங்கோ.”

வேலிக்கு வெளியே நாலைந்து பேர் நின்றார்கள். ருசி பார்க்கிறவள் வீட்டிலேயே வெளித்தண்ணீர் குடிக்கிறார்கள் என்றால் ஊர் என்ன சொல்லும் என்பது மட்டும்தான் என் தலைக்குள் நின்றது. கலனின் மூடியைத் திருகி, அவ்வளவு தண்ணீரையும் முருங்கை மரத்தடியில் ஊற்றினேன். அவள் அழவில்லை, வெறும் கலனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நீ உள்ளே இருந்து ஓடிவந்து என்னோடு சத்தம் போட்டாய். அப்போதுதான் அப்பா எழும்பி, நடு முற்றத்தில் நின்று, வெளியே நிற்கிறவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். “இந்த வீட்டில அம்மா சொன்னதுதான் தண்ணி. ஏலாதவை வெளிக்கிடலாம்.” நீ, “அப்ப நாங்கள் வெளிக்கிடுறம்” என்றாய். சூரியன் சாய முதல் ஆட்டோ வந்தது. வவுனியாவுக்குப் போனீர்கள். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன் மகன்.

நீங்கள் போன நாலாம் மாதம் அப்பா வாடியில் வலையோடு சரிந்தார். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. மன்னார் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் பேச்சில்லாமல் கிடந்தார். என் பக்கம் பார்ப்பார், வாய் அசையும், ஒன்றும் வராது. உன்னைத்தான் கேட்கிறார் என்று நான் நினைத்தேன். நீ வந்துசேர முதல் எல்லாம் முடிந்துவிட்டது. இடிந்துபோன எனக்கு யார் மேலாவது பழியைப் போடவேண்டியிருந்தது. உன் மேல் போட்டேன். ஊரும் அதைத் தூக்கிக்கொண்டது. உன்னை ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை, நீயும் இல்லை என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகும் ஐந்து வருஷம் நான் ஒவ்வொரு காலையும் போய் வாயில் வைத்து, நல்லது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இந்த வருஷம் மழை பொய்த்து, சோழகக் காற்று நாலு மாதம் விடாமல் அடித்தது. ஒவ்வொரு ஊராகத் தண்ணீர் சோதித்துக்கொண்டு வந்த ஒரு பெண் எங்கள் ஊருக்கும் வந்தாள். சுகந்தியின் வயதிருக்கும். தலைவர் என்னைக் கூப்பிட்டு, “எங்கட அக்காவையும் கேளுங்கோ” என்று பெருமையாக முன்னுக்கு விட்டார். நான் குடித்து நல்லது என்றேன். அவள் தன் மீட்டரை வைத்தாள். வெளியே எடுத்து, கழுவி, துடைத்து, திரும்ப வைத்தாள். பிறகு தலைவரிடம் மெதுவாக, “இது குடிக்கிற தண்ணியில்லை ஐயா. கன காலமா இப்பிடி இருந்திருக்கோணும்” என்றாள். எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. உன் மெசின் பிழை என்று சத்தம் போட்டேன். அவள் கோபிக்கவில்லை. தன் வாகனத்தில் இருந்து ஒரு கலன் இறக்கித் தந்தாள். “அம்மா, நான் சொல்லுறதை நம்ப வேண்டாம். மூண்டு நாள் இதை மட்டும் குடியுங்கோ, சமையலுக்கும் இதுதான். நாலாம் நாள் குழாயில வாயை வையுங்கோ” என்றாள்.

அவளைப் பொய்க்காரி ஆக்கவேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்தேன். முதல் நாள் அந்தத் தண்ணீர் சப்பென்று இருந்தது, குடித்த மாதிரியே இல்லை. மூன்றாம் நாள் பழகிவிட்டது. நாலாம் நாள் விடிய வழக்கம்போல் பேணியோடு போனேன். ஒரு மிடறு வாயில் எடுத்தேன். விழுங்க முடியவில்லை மகன். கடலில் குளிக்கும்போது வாய்க்குள் போகுமே, எனக்கு அப்படித்தான் பட்டது. துப்பிவிட்டு அந்த மணலிலேயே இருந்துவிட்டேன். மோட்டர் போடுகிறவர், “என்னக்கா, திறக்கட்டோ?” என்று கேட்டார். எனக்கு ஊற்றித் தள்ளிய கலன்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஒரேயொரு மிடறு குடிக்கச் சொல்லிக் கெஞ்சினாளே. அன்றைக்கு அதைக் குடித்து, அப்பாவுக்கும் கொடுத்திருந்தால் என்று நினைத்தேன். நினைத்து முடிக்கத் தைரியம் இல்லை.

சங்கத்தைக் கூட்டச் சொல்லி, என் நாக்கு பொய்த்துப் போய்விட்டது என்று சொன்னேன். யாராவது திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் திட்டவில்லை. ஒருத்தி மெல்ல, “எங்களுக்கும் கொஞ்சம் தெரிஞ்சதுதான் மாமி, உங்களுக்கு முன்னால சொல்ல ஒரு மாதிரி இருந்தது” என்றாள். இன்னொருத்தி பிள்ளைக்குப் பால் கரைக்கத் தோட்டவெளிக் கிராமத்தில் இருக்கிற தமக்கையிடம் இருந்து தண்ணீர் எடுப்பிக்கிறாளாம். மரியாதை, மகன். என்மேல் வைத்த மரியாதையால் ஊர் வாயை மூடிக்கொண்டு உப்பைக் குடித்தது. உன் மகள் வளர்ந்து உன்னை எதிர்த்து ஒன்று சொன்னால், அது எவ்வளவு கசந்தாலும், அவள் சொல்லி முடிக்கும்வரை கேள். கேட்காத வீட்டில் பிள்ளைகள் சொல்வதை நிறுத்திவிடுவார்கள். அப்பாவைப் பார்த்த டொக்டரிடமும் போய்க் கேட்டேன். “தண்ணிதான் காரணம் எண்டு நான் எழுதித் தர ஏலாது அம்மா. ஆனா அவருக்கு அது நஞ்சு மாதிரித்தான்” என்றார். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். உறுதியாகத் தெரியாது என்பதைப் பிடித்துக்கொண்டு தப்பிக்க நான் பார்க்கவில்லை.

நீ தொலைபேசியில் பேசின மறுநாள், நீ வேலைக்குப் போயிருக்கிற நேரம் பார்த்துச் சுகந்தியைக் கூப்பிட்டேன். ஐந்து வருஷத்தில் அவளோடு நேராகப் பேசியது அதுதான் முதல் தரம். “பிள்ளை, நீ சொன்னது சரி. நான்தான் பிழை. என்னை மன்னிச்சுக்கொள்” என்றேன். அவள் அழத் தொடங்கினாள். கனநேரம் அழுதுவிட்டு, “மாமி, மாமாவும் இதைத்தான் சொன்னவர்” என்றாள். எனக்கு விளங்கவில்லை. நீ ஆட்டோவில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது அப்பா குசினி அடுப்படிப் பக்கமாகப் போய் அவளிடம் சொன்னாராம். “பிள்ளை, நீ சொன்னது சரிதான். எனக்குக் கன நாளாத் தெரியும். ஆனா ஊருக்கு முன்னால அவளை விட்டுக் குடுக்க என்னால ஏலாது. மனசில வச்சிராத. அவனுக்கும் சொல்லாத, தாயோட கோவிப்பான்.” அவர் சொல்லாதே என்றதால் அவள் உன்னிடம் கூடச் சொல்லவில்லை. நீ உன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு இருப்பதைப் பார்த்துக்கொண்டும் செத்தவரின் வார்த்தையைக் காப்பாற்றினாள். நான் வீட்டைவிட்டுத் துரத்தின பிள்ளை அவள்.

அவருக்குத் தெரிந்திருந்தது, மகன். நான் நிறைத்து வைத்த ஒவ்வொரு பேணியையும் தெரிந்துகொண்டே குடித்தார். ஒரு நாள் முகத்தைச் சுளித்திருக்கலாம். ஒரு நாள், ‘இஞ்சார், இதில உப்பு’ என்றிருக்கலாம். கருவாடு சாப்பிட்டேன் என்று அவர் ஒத்துக்கொண்டதும் பொய் என்று இப்போது நினைக்கிறேன். நான் தண்ணீரைப் பற்றி யோசிக்காமல் இருக்கத் தன்மேல் களவுப் பட்டத்தை வாங்கிக்கொண்டார். அவர் செய்ததும் பிழைதான். ஊர்ப் பிள்ளைகளும் கிழவர்களும் அதையே குடித்தார்கள், என் மானத்துக்காக அவர்களையும் குடிக்க விட்டார். இந்தப் பகுதியைக் கோயில் முற்றத்தில் வாசிக்கத்தான் வேண்டுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வாசிக்கட்டும். ஒருவரை ஒருவர் மூடி மூடி வைத்துத்தான் இவ்வளவும் நடந்தது. ஆஸ்பத்திரியில் அவர் வாய் அசைந்தது உன் பெயரைச் சொல்லவா, இதைச் சொல்லவா என்று எனக்கு இனித் தெரியப்போவதில்லை.

ஆகவே, அந்தக் குழியடியில் நீ கேட்க ஒரு மன்னிப்பும் இல்லை. நீ போனது சரி. மனைவியின் பக்கம் நின்றது சரி. உன்னைப் போகச் சொன்ன அப்பாவுக்கே அது தெரிந்திருந்தது. என்னை மன்னிக்கச் சொல்லி நான் இதை எழுதவில்லை. நீ கோபப்படு. ஐந்து வருஷமாக உன் மேலேயே பட்டுக்கொண்டிருந்த கோபத்தை இனி என் மேல் படு, அது எனக்குத்தான் சேரவேண்டியது. கோபம் ஆறாவிட்டாலும் வா. சுகந்திக்கு விருப்பமில்லை என்றால் வற்புறுத்தாதே, அவளை வா என்று கேட்கிற முகம் எனக்கு இல்லை.

மோட்டரை நிறுத்திவிட்டோம். திரும்பவும் பவுசர்தான். மாரி நன்றாகப் பெய்தால் இரண்டு மூன்று வருஷத்தில் கிணறு திருந்தலாம், திருந்தாமலும் போகலாம் என்கிறார்கள். பழைய மீட்டருக்குப் புதுப் பற்றரி போட்டாயிற்று, அதைப் பார்த்து இலக்கத்தைப் பலகையில் எழுதும்படி சங்கத்துக்குச் சொல்லியிருக்கிறேன். நீ வரும்போது பிள்ளைக்குத் தேவையான தண்ணீரை அங்கேயிருந்தே கொண்டு வா. அவளைக் குழாயடிப் பக்கம் போக விடாதே. விளையாடிக் களைத்து வந்து என்னிடம் கேட்டாலும், நான் பாசத்தில் ஒரு பேணியைத் தூக்கிக்கொண்டு வந்து, நல்ல தண்ணிதான் மகன், குடுக்கலாம் என்று சொன்னாலும், கொடுக்காதே.

அம்மா